விருந்தைக் கலகலப்பாக்குவீர்களா?

போன மாதம் இந்தப் பகுதியில் ஆளுமையை அளப்பது பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் கல்லூரி புராஜெக்ட் சங்கதி. சரி, இந்த முறை முழுக்க அதுவே இருக்கட்டும். மாமியார் மருமகள் கடிதங்கள் எழுதியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மேடம், இணையத்தில் ஒரு ஆளுமை டெஸ்ட் எடுத்தேன். நான்கு ஆங்கில எழுத்துகள் வந்தன. விளக்கத்தைப் படித்தால் அப்படியே என்னைப் பற்றி எழுதியது போல இருந்தது. இதையே என் வகுப்பில் எல்லோருக்கும் கொடுத்து, எந்த வகைக்காரர்கள் அதிக மார்க் வாங்குகிறார்கள் என்று புராஜெக்ட் செய்யலாமா? (பி.எஸ்சி. உளவியல் மாணவர், கரூர்)

‘அப்படியே என்னைப் பற்றி’ என்று தோன்றியது பாருங்கள், அங்கேயே கொஞ்சம் நில்லுங்கள் தம்பி. பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஒரு டெஸ்ட் வைத்தார். ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு தாள் கொடுத்து, ‘உன் குணத்தைப் பற்றி இதில் எழுதியிருக்கிறது, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடு’ என்றார். சராசரி 4.26 வந்தது. அப்புறம்தான் குட்டு வெளிப்பட்டது: எல்லாத் தாளிலும் ஒரே வரிகள். பெரும்பாலானவை கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. 1949-ல் இதை வெளியிட்டார். இன்றைக்கும் பலிக்கிறது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் பல வருஷம் முதலாண்டு வகுப்பில் இதைச் செய்தவள். ஆளுக்கொரு கவர், உள்ளே ஒரே தாள். ‘உங்களுக்குள் நீங்கள் இன்னும் பயன்படுத்தாத திறமை நிறைய இருக்கிறது’ என்கிற மாதிரி வரிகள். ஒரு வருஷம் ஒரு பெண் தாளைப் படித்துவிட்டு அழுதுவிட்டாள். வீட்டில்கூட யாரும் தன்னை இப்படிப் புரிந்துகொண்டதில்லை என்றாள். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பயிற்சியை அதோடு விட்டுவிட்டேன்.

உங்கள் நான்கு எழுத்துகளுக்கு வருவோம். கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் மயர்ஸ் என்ற தாயும் மகளும் சுவிஸ் உளவியலாளர் யுங் எழுதியதைப் படித்துவிட்டு உருவாக்கிய வகைப்பாடு அது. ஆட்களைக் கூடைகளில் போடுவதுதான் அதன் சிக்கல். உயரத்தை ‘நெட்டை’, ‘குட்டை’ என்று இரண்டே கூடையாகப் பிரித்தால் என்ன ஆகும்? ஐந்தடி நாலங்குலக்காரர் ஒரு கூடையிலும் ஐந்தடி ஐந்தங்குலக்காரர் இன்னொன்றிலும் விழுவார்கள். ஐந்தடி ஐந்தும் ஆறடியும் ஒன்றாகிவிடும். கலகலப்பிலும் பெரும்பாலானவர்கள் நடுவில்தான் இருக்கிறார்கள். மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுத்தால் இந்த நடுவாந்திரக்காரர்கள் கூடை மாறிவிடுகிறார்கள். அதனால் ஆய்வில் மதிப்பெண்ணை மதிப்பெண்ணாகவே வைத்துக்கொள்ளுங்கள், வெட்டாதீர்கள்.

மார்க்கோடு சம்பந்தம் தேட வேண்டுமானால் ‘ஐந்து பெரும் பண்புகள்’ என்று ஆய்வாளர்கள் சொல்பவற்றில் (கலகலப்பு, கவலைப்படும் சுபாவம், இணக்கம், புதுமை நாட்டம், பொறுப்புணர்வு) ‘பொறுப்புணர்வை’ எடுங்கள். வேலையைத் தள்ளிப்போடாமல் முடிப்பது, சாமானை எடுத்த இடத்தில் வைப்பது, அந்த ரகம். கல்லூரி மார்க்கோடு நிலையாக ஒட்டிவரும் பண்பு அதுதான் என்று நிறைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். உங்கள் கல்லூரியில் அது வருகிறதா என்று பாருங்கள். முதல் புராஜெக்டுக்கு ஏற்கனவே கண்டதைத் திரும்பச் செய்து பார்ப்பது கௌரவக் குறைச்சலே இல்லை.

கேள்வி: கைடு ஒரு ஆங்கில வினாநிரலைத் தமிழில் மாற்றச் சொன்னார். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு ஒரே ராத்திரியில் முடித்தேன். 42 பேரிடம் நிரப்பி வாங்கியும் ஆயிற்று. இப்போது தோழி பார்த்துவிட்டு ‘இது தமிழே இல்லை’ என்கிறாள். படிவத்தை இணைத்திருக்கிறேன். என்ன செய்வது? (எம்.எஸ்சி. மாணவி, நாகர்கோவில்)

படிவத்தை இரண்டு முறை படித்தேன். தோழி சொன்னது சரி. நாற்பத்து மூன்றாவது ஆளிடம் போகாதீர்கள்.

ஆறாவது வாக்கியம்: ‘நான் ஒதுக்கப்பட்டவர்.’ ஆங்கிலத்தில் ‘ரிசர்வ்டு’ என்று இருந்திருக்கும். அதிகம் பேசாத, மனதில் இருப்பதைச் சட்டென்று வெளியே காட்டாத ஆள் என்று பொருள். செயலிக்கு ரயில் டிக்கெட்டும் ஒன்றுதான், மனுஷனும் ஒன்றுதான். நம் ஊரில் ‘நான் ஒதுக்கப்பட்டவர்’ என்ற வரிக்கு ‘முற்றிலும் ஏற்கிறேன்’ என்று டிக் அடிக்கிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். அவர் கூச்ச சுபாவக்காரராகத்தான் இருக்க வேண்டுமா? ஊரில் அவரை எங்கே உட்கார வைத்தார்கள் என்பதைச் சொல்லியிருப்பார். நீங்கள் அதை எடுத்து ‘அகமுகத்தன்மை’, அதாவது கலகலப்பில்லாமல் தனக்குள் ஒடுங்கும் குணம், என்று கூட்டிவிடுவீர்கள்.

உங்களைத் திட்டும் யோக்கியதை எனக்கு இல்லை. நான் செய்ததைக் கேளுங்கள்.

1986, எம்.ஃபில். ஆய்வேடு. கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்த பெண்களின் ஆளுமை என்று தலைப்பு. அப்போது எங்களுக்கு வேதம், லண்டனில் இருந்த உளவியலாளர் ஐசெங்க்கும் அவர் மனைவியும் 1975-ல் வெளியிட்ட வினாநிரல். எல்லாக் கேள்விக்கும் ஆம், இல்லை என்று இரண்டே பதில். அதில் ஒரு கேள்வி, மந்தமாகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு பார்ட்டியை உங்களால் எளிதில் கலகலப்பாக்க முடியுமா என்று கேட்கும். இங்கே பார்ட்டிக்கு எங்கே போவது? ‘விருந்து’ என்று போட்டேன். எனக்கு ரொம்பப் பெருமை, நல்ல தமிழில் எழுதிவிட்டோம் என்று.

ஷிப்ட் முடிந்து வரும் பெண்களை கேண்டீன் பெஞ்சில் உட்கார வைத்து நானே வாசித்து, நானே டிக் அடித்தேன். இந்தக் கேள்விக்கு வரிசையாக ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லை’. ஐம்பது பேருக்கு மேல் ஆன பிறகு ஒரு அம்மா மட்டும் பதில் சொல்லாமல் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ‘ஏனுங்க, விருந்துன்னா எங்களுக்குப் பந்தி பரிமாறவே நேரம் பத்தாதுங்க. கலகலப்பெல்லாம் ஆம்பளைங்க பாத்துக்குவாங்க’ என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் அடித்த ஒரு வாக்கியத்தில் அந்த பெஞ்சே கலகலத்துப் போயிற்று. நானும் சிரித்துக்கொண்டே ‘இல்லை’ என்று டிக் அடித்தேன்.

அந்த அம்மாவை அகமுகக்காரர் என்று கூட்டினேன்.

ஆய்வேட்டில் ‘ஆலைப் பெண்கள் பெரும்பாலும் அகமுகத்தன்மை உடையவர்கள்’ என்று நாலாவது இயலில் எழுதி, அட்டவணையும் போட்டேன். தேர்வாளர் பாராட்டினார். பட்டமும் வந்தது. அந்தத் தடித்த பச்சை அட்டைப் புத்தகம் இன்னும் என் பரணில் இருக்கிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மூல வினாநிரலை உருவாக்கியவருக்கு மின்னஞ்சல் எழுதி, தமிழ் வடிவம் ஏற்கனவே இருக்கிறதா, இல்லையென்றால் மொழிபெயர்க்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். பயப்படாதீர்கள், பெரும்பாலும் பதில் போடுவார்கள். அப்புறம் இரண்டு பேர், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், தமிழாக்க வேண்டும். இரண்டையும் வைத்துக்கொண்டு சண்டை போட்டு ஒன்றாக்குங்கள். மூலத்தைக் கண்ணால் பார்த்திராத மூன்றாவது ஆள் அதைத் திரும்ப ஆங்கிலத்தில் மாற்ற வேண்டும். பிரிஸ்லின் என்பவர் 1970-ல் முறைப்படுத்திய வழி இது. எல்லா ஆய்வேட்டிலும் ‘மறுமொழிபெயர்ப்பு செய்யப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும்.

ஆனால் அந்த ஒரு வரியை நம்பாதீர்கள். உங்கள் ‘ஒதுக்கப்பட்டவர்’ இருக்கிறாரே, அவரைத் திரும்ப ஆங்கிலத்தில் மாற்றினால் அழகாக ‘ரிசர்வ்டு’ என்றே வந்து நிற்பார். போன வழியிலேயே திரும்பி வந்துவிடுவார். சொல்லுக்குச் சொல் மாற்றியதுதான் இந்தச் சோதனையில் முதலில் பாஸ் ஆகும்!

அதனால் யாரிடம் ஆய்வு செய்யப் போகிறீர்களோ அவர்களில் எட்டுப் பத்துப் பேரோடு தனித்தனியாக உட்காருங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர்களே சத்தமாகப் படிக்கட்டும். ‘இதைக் கேட்டதும் என்ன ஞாபகம் வந்தது? எதை நினைத்து இந்த நம்பரைப் போட்டீர்கள்?’ என்று கேளுங்கள். வாயை மூடிக்கொண்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும். என் அம்மா வயதுக்காரர்களிடம் ‘நான் அதிகம் கவலைப்படுவேன்’ என்று கேட்டுப் பாருங்கள், ‘பின்னே, பிள்ளைகளைப் பெத்துட்டுக் கவலைப்படாம இருப்பாங்களா?’ என்று பெருமையாக ஐந்து போடுவார்கள். இதெல்லாம் எந்தப் புள்ளியியலிலும் தெரியாது. வினாநிரலின் நம்பகத்தைக் காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் 0.80 வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவீர்கள். வாக்கியங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று மட்டும்தான் அது சொல்லும். எதை அளக்கிறோம் என்று சொல்லாது.

இன்னொன்று, நம் மொழிக்கே உரிய வம்பு. ‘நான் எளிதில் கோபப்படுவதில்லை’ என்று எதிர்மறையில் கேட்காதீர்கள். சாந்தமான ஒருவர் ‘ஆமாம், படமாட்டேன்’ என்றும் சொல்வார், ‘இல்லை, படமாட்டேன்’ என்றும் சொல்வார். இரண்டும் நம் பேச்சில் சரிதான். அவர் ‘மறுக்கிறேன்’ கட்டத்தில் டிக் அடித்தால் எதை மறுத்தார் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அந்த 42 படிவங்களை முன்னோட்டம் என்று எழுதி எடுத்து வையுங்கள். தூக்கிப் போட வேண்டாம், கூட்டிச் சேர்க்கவும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் துறையில் 60 பேர் போதும் என்பது வழக்கம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்ம் போட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும். சரிதானே? (ஆய்வு மாணவர், விழுப்புரம்)

ஒரே நாளில் முடியும். அதிலிருந்து என்ன தெரியும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு விஷயங்கள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைச் சொல்லும் எண் ஒட்டுறவு; சம்பந்தமே இல்லையென்றால் 0, முழுக்க ஒட்டிப்போனால் 1. ஆளுமை ஆய்வில் 0.20 அளவு ஒட்டுறவு வந்தாலே மதிக்கத் தக்கது. 60 பேரிடம் 0.20 வந்தால், அதன் நம்பக இடைவெளி, அதாவது உண்மையான அளவு இருக்கக்கூடிய எல்லை, −0.06-ல் தொடங்கி 0.43 வரை போகிறது. அதாவது சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம், அபாரமான சம்பந்தமாகவும் இருக்கலாம். 250 பேர் என்றால் அதே 0.20, 0.08-க்கும் 0.32-க்கும் நடுவில் அடங்கும். ஷோன்ப்ரோட், பெருஜினி என்ற இருவர் 2013-ல் இதைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, ஒட்டுறவு ஆட்டம் நின்று நிலைக்க ஏறக்குறைய 250 பேர் வேண்டும் என்றார்கள். தனி ஆளால் முடியாவிட்டால் நான்கு மாணவர்கள் சேர்ந்து ஒரே வினாநிரலை வைத்துத் திரட்டுங்கள், ஆளுக்கொரு கேள்வியை அதில் எடுத்துக்கொள்ளுங்கள்.

யார் அந்த 250 பேர் என்பது அடுத்த கேள்வி. ஐந்து பெரும் பண்புகள் உலகத்துக்கே பொது என்று நாங்கள் படித்தோம், சொல்லியும் கொடுத்தோம். மைக்கேல் கர்வன் என்ற மானுடவியலாளரும் அவர் குழுவினரும் பொலிவியாவில் காட்டையும் தோட்டத்தையும் நம்பி வாழும் சிமானே மக்களிடம் போய், 632 பேரிடம் கேட்டு 2013-ல் வெளியிட்டார்கள். அங்கே அந்த ஐந்து கிடைக்கவில்லை. பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் வாய்மொழியாகக் கேட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எதைச் சொன்னாலும் ‘ஆமாம்’ என்று ஒத்துப்போவது இப்படிப்பட்ட ஆய்வுகளில் எப்போதும் ஒரு தொல்லை. அது சிமானேகளின் தொல்லை மட்டுமா? நம்மூரில் படித்த மேடம் வந்து கேட்டால் யார் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்பார்?

உங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் உங்கள் ஆசிரியரும் இருக்கிறாரா? இருந்தால் அங்கே ஃபார்ம் போடாதீர்கள். அது சம்மதம் கேட்பது ஆகாது. நெறிமுறைக் குழு ஒப்புதல் வாங்கிவிட்டு, விலகிக்கொள்ள உரிமை உண்டு என்பதை முதல் பக்கத்திலேயே, படிக்கிற அளவு எழுத்தில் எழுதுங்கள்.

கேள்வி: எஸ்.பி.எஸ்.எஸ். வாங்க வசதி இல்லை. பிரபலமான ஆளுமை டெஸ்டுகளும் விலை அதிகம். ஆய்வு பணக்காரர்களுக்கு மட்டும்தானா? (வாசகி, அறந்தாங்கி)

இல்லை. எஸ்.பி.எஸ்.எஸ். செய்யும் புள்ளியியல் கணக்குகளுக்கு ஜாஸ்ப், ஜமோவி என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம், மௌஸால் அழுத்தியே எல்லாம் செய்யலாம். ‘ஆர்’ என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. வினாக்களுக்கு, லூயிஸ் கோல்ட்பர்க் தொடங்கிய ‘ஐபிப்’ என்ற பொதுத் தொகுப்பு இருக்கிறது. மூவாயிரத்துக்கும் மேல் வாக்கியங்கள், காசு கிடையாது, அனுமதியும் கேட்க வேண்டாம். திருட்டு மென்பொருள் வேண்டாம். உங்கள் கணினிக்குத்தான் நோய் வரும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது 64. உளவியல் படித்ததில்லை. இந்த ஆய்வில் என்னைப் போன்றவனுக்கு ஏதும் வேலை உண்டா, அல்லது எல்லாம் கணக்கும் கணினியும்தானா? (வாசகர், திருநெல்வேலி)

ஐயா, இந்தத் துறையின் அஸ்திவாரமே உங்கள் ஆட்கள் போட்டதுதான். அகராதிதான் அஸ்திவாரம்.

மனிதர்களுக்குள் முக்கியமான வித்தியாசம் எதுவாக இருந்தாலும் அதற்கு மொழியில் ஒரு சொல் உண்டாகியிருக்கும் என்பது ஒரு யோசனை. பிரிட்டிஷ் அறிஞர் கால்ட்டன் 1884-லேயே அகராதியைப் புரட்டிக் குணச் சொற்களை எண்ணப் பார்த்தார். ஆல்போர்ட், ஆட்பர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் வெப்ஸ்டர் ஆங்கிலப் பேரகராதியை முழுக்க அலசி, மனிதர்களை வேறுபடுத்தும் 17,953 சொற்களைப் பட்டியலிட்டார்கள். அதில் நிலையான குணத்தைச் சொல்பவை சுமார் 4,500. அவற்றை ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் சுருக்கினார், 1961-ல் அமெரிக்க விமானப்படைக்காக டியூப்ஸ், கிறிஸ்டல் என்ற இருவர் செய்த பகுப்பாய்வில் ஐந்து தொகுதிகள் மேலே வந்தன. இன்று எல்லோரும் பேசும் ஐந்து அப்படிப் பிறந்ததுதான்.

ஆல்போர்ட் பட்டியல் வெளிவந்த ஆண்டு 1936. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் ஆறு தொகுதிகளும் முடிந்த ஆண்டும் 1936! ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் வீட்டிலிருந்தே இலவசமாகத் தேடலாம். எனக்கு இந்தப் பொருத்தம் தெரிந்த நாளில் தூக்கம் வரவில்லை.

இந்தியில் சிங், மிஸ்ரா, டி ராட் மூவரும் அகராதிச் சொற்களிலிருந்து தொடங்கிச் செய்து 2013-ல் வெளியிட்டார்கள். தமிழில் செய்ய உட்கார்ந்தால், முதல் வேலைக்கு உங்களைப் போன்றவர்தான் வேண்டும். ‘வெள்ளந்தி’ என்பதை எந்தக் கூடையில் போடுவீர்கள்? நல்ல குணமா, ஏமாளித்தனமா? ‘அழுத்தக்காரி’ என்றால் வாய் பேசாதவள் மட்டும் இல்லையே, உள்ளே ஏதோ வைத்திருக்கிறாள் என்ற சந்தேகமும் அதில் இருக்கிறது. ‘கறார்’, ‘சூட்டிகை’, ‘விட்டேத்தி’, ‘ஊமைக்குசும்பு’. இவை எதற்கும் ஆங்கில வினாநிரலில் இடம் இல்லை. நம் நாகர்கோவில் மாணவியின் படிவத்தில் ‘ரிசர்வ்டு’ என்பது ‘ஒதுக்கப்பட்டவர்’ ஆகிப்போனதே, அதற்குக் காரணமும் இங்கே இருக்கலாம்.

நான்கைந்து நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ‘அ’ வரிசையை மட்டும் எடுங்கள். ‘அவன் ஒரு ___’ என்று சொல்ல வருகிற சொற்களைத் தனித்தனியே குறியுங்கள், ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்கக் கூடாது. பிறகு, நிலையான குணமா, அந்த நேரத்து மனநிலையா, வெறும் வசவா, உடம்பைப் பற்றியதா என்று பிரியுங்கள். இன்று வழக்கில் இல்லாதவற்றைத் தனியே ஒதுக்குங்கள். எங்கே நீங்கள் ஐவரும் ஒத்துப்போகவில்லையோ அந்தச் சொற்களைத் தயவுசெய்து எனக்கு அனுப்புங்கள். எந்தச் சொற்கள் ஒன்றாகக் கூடுகின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வைப் பிறகு யாராவது சின்னப் பையன் செய்துகொள்வான்.

கேள்வி: என் கருதுகோள் பொய்த்துவிட்டது. சம்பந்தம் எதுவும் வரவில்லை. ‘வந்த இரண்டு முடிவுகளை வைத்துக் கருதுகோளை மாற்றி எழுதிவிடு’ என்கிறார்கள். எழுதலாமா? (ஊரும் பெயரும் வேண்டாம்)

வேண்டாம். சுவரில் அம்பை எய்துவிட்டு அப்புறம் போய் அதைச் சுற்றி வட்டம் போடுகிற வேலை அது.

இப்படிப் போட்ட வட்டங்களின் விலை 2015-ல் தெரிந்தது. உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து திரும்பச் செய்தார்கள். மூலக் கட்டுரைகளில் 97 சதவீதம் ‘குறிப்பிடத்தக்க’ முடிவு, அதாவது வெறும் தற்செயல் என்று தள்ளிவிட முடியாதது. திரும்பச் செய்ததில் 36 சதவீதம்தான். ஆளுமைத் துறைக்காரர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். கிறிஸ்டபர் சோட்டோ 2019-ல் ஆளுமைப் பண்புக்கும் வாழ்க்கை விளைவுகளுக்கும் இடையே முன்பு கண்ட 78 தொடர்புகளைப் பெரிய மாதிரியில் சோதித்தார். 87 சதவீதம் நின்றன, அளவு மட்டும் முன்பு சொன்னதைவிடக் கொஞ்சம் குறைச்சல்.

உங்களிடம் ஒரு வழி இருக்கிறது. முதலில் போட்ட கருதுகோளை அப்படியே எழுதி, வரவில்லை என்று சொல்லுங்கள். வந்த அந்த இரண்டையும் ‘தேடியபோது தென்பட்டவை’ என்ற தலைப்பில் தனியே போடுங்கள். அடுத்த ஆய்வு தொடங்கும்போது கருதுகோளையும் பகுப்பாய்வுத் திட்டத்தையும் தேதியோடு இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள், ஆய்வாளர்களுக்கான ‘ஓஎஸ்எஃப்’ என்ற இணையதளத்தில் இலவசம். பிறகு யார் மாற்றச் சொன்னாலும் ‘பதிவாகிவிட்டதே’ என்று பவ்யமாகச் சொல்லிக்கொள்ளலாம். கைடை எதிர்த்ததாகவும் ஆகாது.

கேள்வி: எல்லோருடைய குணத்தையும் அளக்கிறீர்களே, உங்கள் குணம் என்ன? (வாசகி, மயிலாடுதுறை)

என்னிடம் கேட்டால் பாதிதான் கிடைக்கும். சிமின் வசீர் என்ற ஆய்வாளர் 2010-ல் இதைத்தான் சோதித்தார்: உள்ளே இருக்கும் பதற்றம் போன்றவற்றில் நாம் சொல்வது சரியாக இருக்கிறது, புத்திசாலித்தனம் போல நல்ல பெயர் கெட்ட பெயர் சம்பந்தப்பட்டவற்றில் நம்மை அறிந்த நண்பர்கள் சொல்வது சரியாக இருக்கிறது. அதனால் உங்கள் கடிதம் வந்ததும் ஒரே படிவத்தை இரண்டு பிரதி எடுத்து ஒன்றை நானும் இன்னொன்றை என் கணவரும் நிரப்பினோம். அவர் என்னைப் பற்றி நிரப்பினார்.

கவலை, கலகலப்பு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே எண்கள். ‘பொறுமையானவர்’ என்பதற்கு நான் எனக்கு நான்கு போட்டிருந்தேன். அவர் இரண்டு. ஏன் இரண்டு என்று கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், ‘நான் நிரப்பி முடிக்கிறதுக்குள்ள மூணு தடவை முடிஞ்சுதா முடிஞ்சுதான்னு கேட்டியே’ என்றார்.